பறவைன்னு எழுதாதீங்க, அது காக்காவா இருந்தா காக்கான்னே எழுதுங்க

சில வருஷம் முன்னாடி ஒரு கவிதை எழுதி ஃப்ரெண்டு ஒருத்தர்கிட்ட காட்டினேன். ஒரு பறவை சாயங்கால வானத்துல தனியா பறந்து போகுது, என் ஆத்துமாவும் அதே மாதிரி ஆண்டவரைத் தேடிப் போகுது, இதுதான் மேட்டர். அவர் படிச்சுட்டு கேட்டது ஒரே கேள்வி: "என்ன பறவை?" நான் முழிச்சேன். உண்மையில நான் பாத்தது காக்கா. காக்கான்னு எழுதினா ஆத்துமாவுக்கு மரியாதையா இருக்காதேன்னு 'பறவை'ன்னு மாத்தி வச்சிருந்தேன்.

விசுவாசம், இயற்கை, ஏக்கம் மூணையும் சேர்த்து எழுத வர்றவங்க முக்காவாசிப் பேர் சறுக்குறது இங்கதான். ஒரு பொருளைப் பாத்த உடனே அதை உவமையா மாத்திடணும்னு ஒரு அவசரம். மரம்னா சிலுவை, விதைன்னா உயிர்த்தெழுதல், மழைன்னா ஆசீர்வாதம், எல்லாத்துக்கும் ரெடிமேட் அர்த்தம் இருக்கு, அதனால மரத்தை யாரும் பாக்குறதே இல்ல. பைபிள்ல லூக்கா 12ஆம் அதிகாரத்துல இயேசு சொல்றது "காகங்களைக் கவனித்துப் பாருங்கள்"னு. முதல்ல பாக்கச் சொல்றார், பாடம் அதுக்கப்புறம்தான் வருது. (அவரே காக்கான்னுதான் சொன்னார், எனக்குத்தான் கௌரவம் இடிச்சுது.)

ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் ஒரு ஆங்கிலக் கவிஞர், இயேசு சபை குருவும்கூட. 1889ல செத்துட்டார், கவிதைத் தொகுப்பு வந்ததே 29 வருஷம் கழிச்சு 1918லதான், ஆனா இன்னைக்கு எழுதுறவங்களும் அவர்கிட்ட கத்துக்கிட்டே இருக்காங்க. அவரோட 'தி விண்ட்ஹோவர்' கெஸ்ட்ரல்ங்கிற சின்ன வல்லூறைப் பத்தினது. காத்தை எதிர்த்து ஒரே இடத்துல அந்தரத்துல நிக்கும் அது, விண்ட்ஹோவர்ங்கிற பேரே அதனால வந்ததுதான். கவிதையை கிறிஸ்துவுக்குன்னு சமர்ப்பணம் பண்ணியிருக்கார், ஆனா உள்ள ஒரு வரியிலகூட கிறிஸ்துன்னு பேர் கிடையாது, அந்தப் பறவை காத்துல என்ன பண்ணுதுங்கிறதுலயே பாதிக்கு மேல கவிதை போயிடுது. நம்மளா இருந்தா ரெண்டாவது வரியிலயே பறவையைத் துரத்திட்டு பிரசங்கம் ஆரம்பிச்சிருப்போம்.

அடுத்தது, அழகான இயற்கையை மட்டும் எடுத்துக்கிறது. சூரிய உதயம், பனித்துளி, பூ, இதோட நிறுத்திக்கிறாங்க, ஏன்னா 'தேவன் எவ்வளவு நல்லவர்'னு முடிக்க அது வசதி. அமெரிக்க எழுத்தாளர் ஆன்னி டில்லர்டோட 'பில்க்ரிம் அட் டிங்கர் க்ரீக்' (1974) ஒரு ஓடைக்கரையில பாத்ததை வச்சு எழுதின புத்தகம், ஆரம்பத்துலயே ஒரு தவளை வரும். அவங்க பாத்துக்கிட்டே இருக்கும்போது அது அப்படியே காத்துப் போன பலூன் மாதிரி சுருங்கிடும், ஏன்னா தண்ணிக்கடியில ஒரு பெரிய பூச்சி அதோட உள்ளுடம்பைக் கரைச்சு உறிஞ்சிட்டிருக்கு. படைச்சவரைப் பத்திப் பேசணும்னா இதையும் சேர்த்துத்தான் பேசணும்னு அவங்க நினைச்சாங்க, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பைபிள்ல யோபு புத்தகமும் அதைத்தான் செய்யுது, எல்லாத்தையும் இழந்துட்டு 'ஏன் எனக்கு இப்படி'ன்னு யோபு கதறுறான், 38ஆம் அதிகாரத்துல கடவுள் பேச ஆரம்பிச்சா ஏன்ங்கிறதுக்கு ஒரு பதிலும் இல்ல, மனுஷனே இல்லாத வனாந்தரத்துல பெய்யுற மழை, முட்டையை மண்ணுல விட்டுட்டுப் போற தீக்கோழி, இப்படியே அடுக்கிட்டுப் போறார். அந்த மழையால யாருக்கும் ஆசீர்வாதம் இல்ல, சும்மா பெய்யுது. இந்த மாதிரி நமக்காக இல்லாத மழை ஒண்ணு நம்ம எழுத்துல எத்தனை தடவை வந்திருக்கு?

ஜப்பான்ல ஷூசாகு எண்டோ 1966ல எழுதின 'சைலன்ஸ்' நாவல்லயும் கடல் அப்படித்தான் இருக்கும். கிறிஸ்தவத்துக்குத் தடை இருந்த காலம், விசுவாசிகளைக் கடற்கரையில கம்பத்துல கட்டி விட்டுடுவாங்க, அலை ஏறி ஏறி வரும், அவங்க செத்துப்போவாங்க, கடல் எப்பவும் போல அடிச்சுட்டே இருக்கும். கடலும் அழுததுன்னு எழுதியிருந்தா அந்த நாவலே காலி.

இப்ப ஏக்கத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்பக் கடுப்பான தவறு இங்கதான் இருக்கு. பன்னிரண்டு வரி தவிப்பு, பதிமூணாவது வரியில 'ஆனாலும் நீர் என்னைத் தேற்றினீர்', ஆமென். தேற்றினா சந்தோஷம்தான், ஆனா அந்தப் பன்னிரண்டு வரியும் பொய்யாயிடுது, அந்த ஒத்தை வரிக்குப் படிக்கட்டா போட்ட மாதிரி. பைபிள் பாட்டுகள்ல 42ஆம் சங்கீதத்தை எடுங்க. "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல"ன்னுதான் ஆரம்பிக்குது. மான் குடிக்குதுன்னு இல்ல, கதறுது. கடைசி வரைக்கும் அந்த மானுக்குத் தண்ணி கிடைக்கிற காட்சியே கிடையாது. அதைவிடக் கொடுமை, ஏழாவது வசனத்துல தண்ணி வருது, ஆனா அலையும் திரையுமா தலைமேல புரண்டு வருது, தாகத்துக்குக் கேட்டவனை மூழ்கடிக்கிற தண்ணி. 'ஆத்துமாவே ஏன் கலங்குற'ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிறதும் 42, 43 ரெண்டு சங்கீதத்துலயும் சேர்த்து மூணு தடவை வருது. முதல் தடவையே ஆறுதல் வந்திருந்தா மறுபடி எதுக்குக் கேக்கணும்? 88ஆம் சங்கீதம் இன்னும் மோசம், எபிரேய மூலத்துல கடைசி வார்த்தையே இருட்டுதான். இதையெல்லாம் பைபிள்லயே விட்டு வச்சிருக்காங்க, நம்ம மட்டும் ஏன் லைட் போட ஓடுறோம்னு தெரியல.

ஏக்கத்தைப் பெரிய பெரிய வார்த்தையில சொல்றதும் வேலைக்கு ஆகாது. தாகம், வெறுமை, நித்தியம்னு போட்டுத் தள்ளினா ஒண்ணும் ஒட்டாது. நார்னியா கதைகள் எழுதின சி.எஸ். லூயிஸ் 1955ல வந்த தன் வரலாற்றுல இந்த ஏக்கத்தோட ஆரம்பம்னு காட்டினது, அவங்க அண்ணன் பிஸ்கட் டின் மூடியில பாசியும் குச்சியும் பூவும் வச்சு செஞ்ச பொம்மைத் தோட்டத்தை. ஒரு டின் மூடி, அவ்வளவுதான். நம்ம எல்லார்கிட்டயும் அப்படி ஒரு மூடி இருக்கும், தேடி எடுக்கச் சோம்பேறித்தனம்.

கதை எழுதுறவங்களுக்கு இன்னொரு வியாதி, போதகர் கேரக்டர்னா ஒண்ணு புனிதர், இல்லன்னா ஃப்ராடு. மெரிலின் ராபின்சனோட 'கிலியட்' (2004) நாவல்ல வயசான போதகர் ஒருத்தர் தன் சின்னப் பையனுக்குக் கடிதம் எழுதுறார், ஆயுசு பூரா மன்னிப்பைப் பத்திப் பிரசங்கம் பண்ணினவர், ஆனா நண்பரோட மகன் ஒருத்தனை அவரால ரொம்ப நாள் ஏத்துக்கவே முடியல. சின்ன வயசுல பூனைக்குட்டிகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததை நினைச்சுப் பாப்பார், உள்ளங்கைல பட்ட அந்தக் குட்டி நெத்தியோட சூடு வரைக்கும் ஞாபகம் இருக்கும். ஞானஸ்நானம்னா என்னன்னு ஒரு பக்கம் விளக்கம் எழுதினாலும் அந்தச் சூடு வராது.

பைபிள் தமிழ் பத்தி ஒரு வார்த்தை. 'உமது சமுகத்தில்', 'கிருபையின் ஊற்று' எல்லாம் அழகான தமிழ்தான், வேணாம்னு சொல்லல, வரிக்கு வரி போட்டா பாட்டுப் புத்தகம் மாதிரி ஆயிடும். பேச்சுத்தமிழ் நடுவுல 'வாஞ்சை'ன்னு ஒரே ஒரு தடவை வந்தா சுருக்குன்னு இருக்கும்.

அந்தக் கவிதையை அப்புறம் திருத்தினேன். பறவை காக்கா ஆச்சு, ஆத்துமா வெளிய போச்சு, தேற்றின வரியும் போச்சு, மிஞ்சினது நாலு வரி: வாயில ஒரு குச்சியை வச்சுக்கிட்டு, உக்கார இடம் கிடைக்காம, இருட்டுற நேரத்துல மூணு தடவை சுத்தி வர்ற காக்கா. ஃப்ரெண்டு படிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டார், "உக்காந்துச்சா?"

நான் பாக்கலன்னு சொன்னேன்.