அமெரிக்க வேலையா? கையெழுத்துக்கு முன் இன்சூரன்ஸ் கணக்கு

குன்னூர், கோத்தகிரியிலிருந்து மனைவி குழந்தையோடு அமெரிக்கா கிளம்புகிறவர்கள் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். தோட்ட ஆஸ்பத்திரி, முடியாவிட்டால் மலையிறங்கிக் கோவை என்று பழகிய நமக்கு, இன்சூரன்ஸ் இருந்தும் கைக்காசு போகும் என்பது பிடிபட நாளாகும்.

2025-இல் அங்கே கம்பெனி வழியாக எடுத்த குடும்ப இன்சூரன்ஸின் சராசரி பிரீமியம் ஆண்டுக்கு 26,993 டாலர். ஊழியர் பங்கு சராசரியாக 6,850, மீதி கம்பெனியுடையது. எல்லாக் கம்பெனியும் இப்படித் தாராளமாகக் கட்டாது. சில சின்னக் கம்பெனிகள் ஊழியருக்கு மட்டும் கட்டிவிட்டு, மனைவி குழந்தைக்கான பிரீமியத்தை அவர் தலையிலேயே போட்டுவிடும். ஆகவே ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள்: குடும்பத்துக்குச் சேர்த்து ஒரு சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பீர்கள்? வருஷத்துக்கு எத்தனை சம்பளம்? கவரேஜ் என்றைக்குத் தொடங்கும்? 90 நாள் வரை தள்ளிப்போட சட்டம் இடம் தருகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம் என்றால் பிடித்தம் 26 தடவை. ஒவ்வொரு தடவையும் 275 டாலர் என்று வைத்தால் வருஷத்துக்கு 7,150.

எஸ்.பி.சி. என்ற சுருக்கத் தாளையும் கேட்டு வாங்குங்கள். பிரசவத்துக்கு அந்த பிளானில் என்ன செலவாகும் என்று அதிலேயே ஒரு மாதிரிக் கணக்கு இருக்கும். நீங்களும் போட்டுப் பாருங்கள். பில் 20,000 டாலர், டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தரத் தொடங்குமுன் நீங்கள் கட்டும் தொகை) 4,000, கோ-இன்சூரன்ஸ் (அதற்குப் பிறகு உங்கள் பங்கு) 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 4,000 நீங்கள் கட்ட வேண்டியது. மிச்சமுள்ள 16,000-இல் உங்கள் பங்கு 3,200. ஆக 7,200, மேலே சொன்ன 7,150 பிரீமியத்தோடு 14,350. பிறந்த குழந்தைக்குத் தனி பில் வரும், பல பிளான்களில் தனி டிடக்டிபிளும் உண்டு. இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குழந்தையை 30 நாளுக்குள் பாலிசியில் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான பிளான்களில் ஜனவரி 1 அன்று டிடக்டிபிள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நவம்பரில் ஸ்கேன், ஜனவரியில் பிரசவம் என்றால் இரண்டு தடவை கட்ட நேரும்.

எவ்வளவு மோசமான வருஷமானாலும் இதற்கு மேல் கட்ட வேண்டாம் என்று ஒரு உச்சவரம்பு உண்டு. 2026-இல் குடும்பத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சம் 21,200 டாலர். பிரீமியம் அதில் சேராது. நெட்வொர்க்குக்கு, அதாவது பிளானோடு ஒப்பந்தமுள்ள டாக்டர், ஆஸ்பத்திரிகளுக்கு, வெளியே காட்டினால் அந்தச் செலவும் சேராது.

பல்லுக்கும் கண்ணுக்கும் பெரும்பாலும் தனி இன்சூரன்ஸ். ரூட் கெனால், கேப், கண்ணாடி எல்லாவற்றையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கேப்புக்கு அளவெடுத்து மாட்டப் பல நடை நடக்க வேண்டிவரும். கோவையில் காட்டுவதானால் ஐப்பசி மழைக்கு முன்பே தொடங்குங்கள். பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்தால் எல்லாம் தள்ளிப்போகும். குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ஒவ்வொரு ஊசிக்கும் தேதி இருக்கிறதா, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். தேதி விட்டுப்போனால் பள்ளியில் சேர்க்கும்போது மறுபடி குத்தச் சொல்வார்கள்.

பேரக்குழந்தையைப் பார்க்க வரும் அப்பா அம்மாவைக் கம்பெனி பாலிசியில் பொதுவாகச் சேர்க்க முடியாது. விசிட்டர் இன்சூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள சுகர், பிரஷருக்கு வழக்கமான சிகிச்சை அதில் கிடைக்காது. தங்கும் நாளுக்கு வேண்டிய மாத்திரையை டாக்டர் சீட்டோடு அவர்கள் கைப்பையிலேயே வைத்து அனுப்புங்கள்.