டொல்பின் பாதுகாப்புக்கு நிதி ஒதுக்க விரும்பும் கிழக்கிலங்கை நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்முனையில் இயங்கும் மீன் ஏற்றுமதி நிறுவனமோ பாசிக்குடாவிலுள்ள விடுதியோ தனது சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பங்கை டொல்பின்களுக்கு ஒதுக்க எண்ணினால், எந்த டொல்பினுக்கு என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஆழ்கடலில் பெருங்கூட்டமாகத் திரியும் சுழல் டொல்பின் வேறு. கரையோரத்து ஆழங்குறைந்த நீரை விட்டு அகலாத இந்தியப் பெருங்கடல் கூன்முதுகு டொல்பின் வேறு. அருகிவரும் இனமென 2017 இல் ஐ.யூ.சி.என். எனும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் வெளியான பின்னது, இலங்கையில் பெரும்பாலும் மேற்குக் கரையிலுள்ள புத்தளம் பக்கத்திலேயே அறியப்படுகிறது. ஆகவே அதற்கென ஒதுக்கும் பணம் மாவட்ட எல்லையைத் தாண்டிச் செல்வதற்கு நிர்வாகம் உடன்பட வேண்டும். கல்லடிக் கடற்கரையில் பதாகை கட்டிக் குப்பை பொறுக்குவது நல்ல காரியந்தான். இந்த விலங்குக்கு அதனால் பெரிய பயனில்லை.

இரண்டு இனங்களுக்கும் பொதுவான பேராபத்து, மீனின் செவுள் மாட்டிக்கொள்ளுமாறு நீரில் விரிக்கப்படும் செவுள் வலை. மூச்செடுக்க மேலே வரமுடியாமல் வலையில் மூழ்கி அவை இறக்கின்றன. பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒரு குட்டி ஈனுவதால் இழப்பு எளிதில் ஈடாவதில்லை. எனவே மீன் வாங்கும் நிறுவனத்தின் வலுவான கருவி அதன் கொள்வனவு ஒப்பந்தமே என்பது எனது கருத்து. நியூசிலாந்தில் சன்போர்ட், மோவானா ஆகிய மீன் நிறுவனங்கள் 2016 இல் உலக வனவிலங்கு நிதியத்துடன் சேர்ந்து, அந்நாட்டுக்கே உரிய மாவுய் டொல்பின் வாழும் நீரில் செவுள் வலையைக் கைவிடும் திட்டத்தை அறிவித்தன. 2020–21 மதிப்பீட்டின்படி, ஒரு வயதைக் கடந்த மாவுய் டொல்பின்கள் ஏறத்தாழ 54 மட்டுமே எஞ்சியிருந்தன.

எந்த வலை, எந்த ஆழம், எவ்வளவு நேரம் என்ற விவரங்களைப் படகு உரிமையாளர்களிடம் எழுத்தில் பெறுவது அடுத்த வேலை. இங்கே ஒரு சிக்கல் உண்டு. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் டொல்பினைக் காப்பதால், தற்செயலாகச் சிக்கியதைக்கூட மீனவர் வெளியில் சொல்ல அஞ்சுவார். ஆதலால் கடற்றொழில் திணைக்களம், வனஜீவராசிகள் திணைக்களம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றை ஒரே மேசையில் அமர்த்தி, உண்மையைச் சொல்பவர் எவ்வாறு நடத்தப்படுவார் என்பதை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உயிருள்ள டொல்பினை விடுவிக்க வலையை அறுத்தவருக்குப் புது வலைக்கான செலவை, அலைக்கழிக்காமல், அந்த வாரத்திலேயே கொடுக்க வேண்டும்.

வாழைச்சேனையிலிருந்து புறப்படும் ஆழ்கடல் படகுகளிடம் வாங்குவோர் இன்னொன்றையும் பரிசீலிக்கலாம். பாகிஸ்தானின் சூரை மீன்பிடியில் வலையை மேற்பரப்பிலிருந்து 2 மீற்றர் கீழே இறக்கியபோது டொல்பின்கள் சிக்குவது பெருமளவு குறைந்தது. டொல்பின்களை வலையிலிருந்து விலக்க ஒலியெழுப்பும் கருவிகளை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தளிக்க அவசரப்பட வேண்டாம். மின்கலம் மாற்றுவதற்கும் பராமரிப்பதற்கும் ஆளில்லாவிட்டால் அவை வெறும் பாரம்.

வலை விவரங்கள், டொல்பின் சிக்கிய சம்பவங்கள் ஆகியவற்றின் பதிவுகளைப் பகுத்தாராயும் பொறுப்பை வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்திடம், குறைந்தது மூன்றாண்டு ஒப்பந்தத்தில், முடிவுகளை நிறுவனம் தடுக்க முடியாது என்ற நிபந்தனையோடு ஒப்படைப்பது நல்லது. ஏற்றுமதியாளருக்கு இதில் சொந்த நலனும் உண்டு: கடல் பாலூட்டிகள் வலையில் சிக்குவதைத் தடுக்கத் தனக்கு நிகரான ஏற்பாடு ஏற்றுமதி நாட்டிலும் இருக்க வேண்டுமென அமெரிக்கா 2016 இல் விதி வகுத்துள்ளது. முதலாண்டில் பதிவான எண்ணிக்கை கூடினால், அதைத் தோல்வியென எண்ணி இயக்குநர் சபை நிதியை நிறுத்திவிடக் கூடாது; முன்பு மறைக்கப்பட்டவை இப்போது சொல்லப்படுவதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.