சுப்பீரியர் ஏரிக்கரையில் கேம்பர் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் ரொறன்ரோவிலிருந்து சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள தண்டர் பே வரை நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். காரில் போகிறவர் இரண்டு நாளில் கடந்துவிடக்கூடிய தூரம் அது. தங்கும் வசதியுள்ள கேம்பர் ட்ரெய்லரைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் தம்பதியரும் அதே கணக்கைப் போடுவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி அதன் வயிற்றிலிருந்தே பிறக்கின்றன. ஓய்வு பெற்ற பின் நானும் என் மனைவியும் முதன்முறை புறப்பட்டபோது பத்து நாட்களுக்கு முகாமிட எட்டுப் பூங்காக்களைக் குறித்து வைத்திருந்தோம். ஒவ்வொரு மாலையும் ட்ரெய்லரைக் கழற்றி, மட்டம் பார்த்து, மின்கம்பியைச் செருகி, மறுநாள் காலையில் அத்தனையையும் திரும்பச் சுருட்டியதில், ஏரியைப் பார்த்த நேரத்தைவிடச் சக்கரத்துக்குக் கட்டை வைத்த நேரமே அதிகமாயிற்று. இப்போது நாளொன்றுக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை, ஓரிடத்தில் மூன்று இரவுக்குக் குறைவாகத் தங்குவதுமில்லை. சூ செயின்ட் மேரியிலிருந்து வாவா வரையான சுமார் 230 கிலோமீட்டரே ஒரு நாளுக்குத் தாராளம்.

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் முன்பதிவு, தங்கும் நாளுக்கு ஐந்து மாதம் முன்பு காலை 7 மணிக்குத் திறக்கும். நீரோரத்து இடங்கள் முதலில் போய்விடும் என்பதால், கோடை நெருங்கட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. இடத்தைக் காலிசெய்ய வேண்டிய நேரம் பிற்பகல் 2 மணி. அப்படியிருந்தும் விமானத்தைப் பிடிக்கப் போகிறவர்கள்போல எட்டு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள்; அடுத்த பூங்காவில் முன்னவர் இன்னும் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, வாசலில் காத்துக்கிடக்கிறார்கள். காத்திருப்பதைக் குற்றமாக நினைக்காதவர்களுக்கே இந்தப் பயணம் பொருந்தும். ஹியூரன் ஏரியிலுள்ள மானிட்டூலின் தீவுக்குள் நுழையும் லிட்டில் கரன்ட் ஊரின் பழைய சுழல்பாலம், கோடைக்காலப் பகல்களில் மணிக்கொரு முறை படகுகளுக்காகத் திரும்பிக்கொள்ளும். அந்தக் கால்மணி நேரத்தில் ஹார்ன் அடிப்பவர்களையும் கண்டிருக்கிறேன்.

இருட்டில் ஓட்டுவது வேறு வகைத் தவறு. சுப்பீரியர் கரையோரம் போகும் 17ஆம் நெடுஞ்சாலையில் அந்தி நேரத்தில் மூஸ் மான்கள் குறுக்கே வரும். அவற்றின் கரிய உடலும் நீண்ட கால்களும் முகப்பு விளக்கின் ஒளியில் கடைசிக் கணம்வரை தெரிவதில்லை. ஊர்களுக்கிடையே நெடுந்தூரம் பெற்றோல் நிலையமும் இல்லை, கைபேசிச் சமிக்ஞையும் இல்லை. ஆகவே தாங்கி பாதியானதும் நிரப்பிவிட வேண்டும். சிறு ஊர்களின் கடைகள் மாலையிலேயே பூட்டிவிடும் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

எடைதான் பலர் கணக்கிடாத விடயம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பது பள்ளிப் பாடம். ஆனால் 150 லீற்றர் தொட்டியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு புறப்படுகிறவர், இரண்டு பெரியவர்களைக் கூடுதலாக ஏற்றியிருக்கிறோம் என்று எண்ணுவதில்லை. பூங்காவில் குழாய் இருக்கிறது, அங்கே நிரப்பினால் போதும். அதைவிட ஆபத்தானது, அரிசி மூட்டையையும் தண்ணீர்ப் போத்தல்களையும் ட்ரெய்லரின் பின்புறத்தில் அடுக்குவது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்புக் கொக்கியின்மீது அழுந்த வேண்டும். பின்பாரம் கூடினால் கொக்கி இலேசாகி, ஒரு லொறி கடந்துபோகும் காற்றுக்கே வண்டி பாம்பாக நெளியத் தொடங்கும். டயரில் பூ தேயாமல் இருப்பதைப் பார்த்து நம்பிவிடவும் கூடாது. ட்ரெய்லர் டயர்கள் ஓட்டத்தைவிட வயதால்தான் கெடுகின்றன. பக்கச்சுவரில் அச்சிட்ட கடைசி நான்கு இலக்கங்கள், அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்.

முகாமின் 30 அம்பியர் மின்னிணைப்பு தருவது 3,600 வாட். குளிரூட்டிக்கு 1,500, கேத்தலுக்கு 1,500, சோறு வேகும் குக்கருக்கு 700 என்று கூட்டினால் அளவு மீறி மின்சாரம் நின்றுவிடும், இருட்டில் சாப்பிட வேண்டியதுதான். கழிவுத்தொட்டியிலும் ஒரு நுட்பம் உண்டு. கழிவுக்குழாய் இணைப்புள்ள தனியார் முகாம்களில் கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே விட்டால், நீர் வடிந்துபோய்த் திண்மம் மட்டும் அடியில் இறுகிவிடும். மூடிவைத்து, நிரம்பிய பின் முதலில் அதையும், பிறகு குளியல், சமையல் நீரையும் திறந்தால் பின்னது குழாயைக் கழுவிவிடும்.

இனி ஏரி. ‘ஏரி’ என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. குளக்கட்டும் மதகும் கண்ட நமக்கு, அது இறங்கிக் குளிக்கிற இடம். சுப்பீரியரின் பரப்பு சுமார் 82,100 சதுர கிலோமீட்டர், இலங்கைத் தீவைவிடப் பெரிது. மிக ஆழமான இடத்தில் 406 மீற்றர். 1975 நவம்பர் 10 அன்று, 222 மீற்றர் நீளமான ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்’ சரக்குக் கப்பல் புயலில் மூழ்கி, 29 பேரும் மாண்டது இந்த ஏரியில்தான். யாழ்ப்பாணக் கடலில் நீந்தி வளர்ந்தவர்கள் இரண்டு விடயங்களை மறந்துவிடுகிறார்கள்: நன்னீர் உப்புநீரைப்போல உடலைத் தாங்காது, நடுக்கோடையிலும் குளிர்ந்த நீரில் திடீரெனக் குதித்தால் மூச்சுத் திணறித் தண்ணீரை உள்ளிழுக்க நேரும். காற்றடைத்த மெத்தையில் மிதப்பதும் வேண்டாம். கரையிலிருந்து வீசும் காற்றில் ஏரி அமைதியாகத்தான் தோன்றும். அதே காற்றுத்தான் மெத்தையைத் தள்ளிக்கொண்டு போகும்.

கருவாடு பொரிக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். கரடிக்கு நம்மைவிட மூக்கு கூர்மை. எண்ணெய்ச் சட்டியும் குளிர்ப்பெட்டியும் இரவில் மேசைமேல் இருக்கவே கூடாது, வாகனத்துக்குள் பூட்டிவைக்க வேண்டும். வீட்டு விறகைக் கொண்டுபோவதும் தவறு, ஏனெனில் ஆஷ் என்னும் மரங்களைக் கொல்லும் மரகத வண்டு அதற்குள் பயணம் செய்யும்.

ட்ரெய்லரைப் பின்னோக்கி நிறுத்தும்போது கணவன் மனைவிக்குள் நடக்கும் உரையாடலை முகாம் முழுவதும் கேட்கும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்து, ட்ரெய்லரின் பின்புறம் எப்பக்கம் போக வேண்டுமோ அப்பக்கமே கையை நகர்த்தினால் குழப்பம் குறையும். வழிகாட்டுபவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்ற ஒரே விதியை நாங்கள் வைத்திருக்கிறோம்.

சுப்பீரியர் கரையிலுள்ள அகாவா பாறையின் செங்காவி ஓவியங்களைப் பார்க்க நீரோரத்துச் சாய்ந்த பாறை விளிம்பில் நடக்க வேண்டும். அலை எழுந்தால் அது வழுக்கும், ஏரி அமைதியாக இருந்தாலன்றி இறங்கக் கூடாது. ஓரிரவு மட்டும் தங்குகிறவர்கள் பெரும்பாலும் பாறைக்கு இறங்கும் படிகளோடு நின்று திரும்புகிறார்கள், சிலர் பொறுக்காமல் ஈரப்பாறையில் கால்வைக்கிறார்கள். நாங்களும் முதல் நாள் திரும்பினோம், இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் காலை காற்று அடங்கியிருந்தது. இப்பகுதியின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் வரைந்த கொம்புள்ள நீர்ப்பூனை மிஷிபெஷுவின் முன் நாங்கள் இருவர் மட்டுமே நின்றிருந்தோம்.