ஆபீஸுக்கும் அதே வண்டி, ட்ராக்குக்கும் அதே வண்டி: ஹேட்ச்பேக் சஸ்பென்ஷனை எங்கிருந்து தொடங்குவது?

ஹாட் ஹேட்ச்பேக் வாங்கியவர்கள் முதலில் காசு போடுவது பெரும்பாலும் லோயரிங் ஸ்ப்ரிங்கில்தான். வண்டி இரண்டு விரல் தாழ்ந்து நின்றால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சென்னையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பாதிப் பேருக்குச் செய்யவே வேண்டாத வேலை.

காரணம் எளிது. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ட்ராக் 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள், வழவழப்பான தார். அங்கே போய்ச் சேரவும் திரும்பி வரவும் நம் ஊர் ரோட்டில்தான் ஓட்டியாக வேண்டும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய ஓஎம்ஆர், பெயின்ட் அடிக்காத வேகத்தடை, ஐப்பசி மழையில் தண்ணீருக்கடியில் ஒளிந்திருக்கும் பள்ளம் எல்லாவற்றையும் அதே சஸ்பென்ஷன்தான் தாங்க வேண்டும். அதனால் காசில்லாத வேலையில் தொடங்கி, திரும்ப மாற்ற முடியாத வேலையைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் இந்தப் பதிவின் வரிசை.

போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஸ்விஃப்ட், ஐ20 என் லைன் போன்ற வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். (ஐ20 அந்த ட்ராக்குக்குப் பக்கத்துத் தொழிற்சாலையிலேயே தயாராகிறது என்பது ஒரு சின்ன சந்தோஷம்.) மூன்றிலும் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் உத்திரம்), இழுப்பது முன் சக்கரம். ஆகவே பிரச்சினையும் ஒன்றே: வேகமாகத் திருப்பினால் மூக்கு வளைவுக்கு வெளியே தள்ளும். இதுதான் அண்டர்ஸ்டியர்.

படி 1: இருப்பதைச் சரிபாருங்கள்

தேய்ந்த புஷ்ஷோடு (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை) இருக்கும் வண்டியில் எந்த டியூனிங்கும் நிற்காது. 50,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டி என்றால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியின் உடலோடு இணைக்கும் கை) புஷ், அதன் முனையிலிருக்கும் பால் ஜாயின்ட், லிங்க் ராட் (சாய்வைக் குறைக்கும் பாரின் இணைப்புக் கம்பி), ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல் தாங்கி) நான்கையும் பார்த்தே ஆக வேண்டும். லிங்க் ராட் போயிருந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டுக் குண்டும் குழியுமான தெருவில் மெதுவாக ஓட்டினாலே 'டக் டக்' என்று காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ரட் மவுண்டுக்கு ஒரு ஆள் துணை வேண்டும். அவர் வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பட்டும். நீங்கள் பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலைப்பகுதியில் கை வையுங்கள். சீராகச் சுழலாமல், சிக்கிச் சிக்கி உதறினால் பேரிங் முடிந்தது.

ஷாக்கில் (ஸ்ப்ரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறதா, டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பார்ட்ஸ் வாங்க ஜிபி ரோடு இருக்கிறது. ஷாக்கையும் பால் ஜாயின்டையும் மட்டும் புதுப்பேட்டையில் பழையதாக வாங்காதீர்கள்.

ஒரு முக்கியமான விஷயம். லோயர் ஆர்ம் மாற்றும்போது வண்டி லிஃப்ட்டில் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை முழு இறுக்கு இறுக்கிவிடும் மெக்கானிக்குகள் நிறைய. அப்படிச் செய்தால் வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, இந்த போல்ட்டை வண்டியை இறக்கினதுக்கு அப்புறம் டைட் பண்ணுங்க."

படி 2: டயர் காற்று

இதற்கு வேண்டியது நம்பகமான ஒரு பிரஷர் கேஜ், ஒரு சாக்பீஸ், ஒரு நோட்டு. மொத்த டியூனிங்கிலும் மிக மலிவான, ட்ராக்கில் உடனே தெரிகிற மாற்றம் இதுதான்.

டிரைவர் கதவுப் பக்கமோ பெட்ரோல் மூடியின் உட்புறமோ ஒட்டியிருக்கும் அளவு, டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. ட்ராக்கில் சில சுற்று ஓட்டினால் அது 5 முதல் 8 பிஎஸ்ஐ வரை ஏறும். சூடான பின் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். சாதாரண ரோடு டயருக்குச் சூட்டில் 35 முதல் 38 பிஎஸ்ஐ என்று வைத்துத் தொடங்கலாம்.

எப்படி அளப்பது? முதல் செஷனுக்கு முன் ஒவ்வொரு டயரின் தோளிலும், அதாவது ட்ரெட் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், குறுக்காகச் சாக்பீஸால் பட்டையாகக் கோடு போடுங்கள். பல டயர்களில் அந்த இடத்தில் ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும். திரும்பி வந்ததும் கேஜை வைத்துப் படித்து எழுதுங்கள், ஆறவிடாதீர்கள். பிறகு கோட்டைப் பாருங்கள். முக்கோணம் வரை அழிந்திருந்தால் சரி. அதைத் தாண்டிப் பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது: காற்று குறைவு, அல்லது கேம்பர் (சக்கரத்தின் சாய்வு, படி 3-இல் வருகிறது) போதவில்லை. ட்ரெட்டின் ஓரத்திலேயே கோடு மிச்சமிருந்தால் காற்று அதிகம், 2 பிஎஸ்ஐ இறக்குங்கள். வலப்பக்க வளைவு அதிகமுள்ள ட்ராக்கில் இடது முன் டயர்தான் அதிகம் அடிவாங்கும். நான்குக்கும் ஒரே கணக்குப் போட வேண்டாம்.

மூக்கு ரொம்பத் தள்ளுகிறது என்றால் பின் டயரில் மட்டும் 2 பிஎஸ்ஐ கூட்டிப் பாருங்கள். பின்பக்கப் பிடி கொஞ்சம் குறைந்து வண்டி இன்னும் இலகுவாகத் திரும்பும். ஈரத் தரையில் இதைச் செய்யாதீர்கள். நைட்ரஜன் போட்டால் பிரஷர் ஏறவே ஏறாது என்று பங்க்கில் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அதுவும் வாயுதான், சூட்டுக்கு ஏறும்.

படி 3: அலைன்மென்ட்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் போய்க் கேட்டால் "சார், இந்த வண்டிக்கு கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, டோ மட்டும்தான்" என்பார்கள். கம்பெனி அமைப்பில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையே. ஆனால் வழி இருக்கிறது.

கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கும் அளவு. வளைவில் உடல் சாயும்போது வெளிப்பக்க டயர் தன் வெளி ஓரத்தில் நிற்கப் பார்க்கும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் முழு அகலமும் தரையைத் தொடும். இப்படிப்பட்ட வண்டிகள் ஏறக்குறைய மைனஸ் அரை டிகிரியோடு வரும். ட்ராக்குக்கு மட்டும் என்றால் மைனஸ் 2.5 கூட வைப்பார்கள். தினமும் ஓட்டும் வண்டிக்கு மைனஸ் 1.5 போதும்.

ஸ்விஃப்ட், ஐ20 போன்றவற்றில் ஸ்ட்ரட்டின் கீழ்ப்பகுதி சக்கர ஹப்போடு இரண்டு போல்ட்டால் சேர்ந்திருக்கும். அதில் ஒன்றை எடுத்துவிட்டு கேம்பர் போல்ட் போட்டால் ஒரு டிகிரி சுமாருக்குக் கிடைக்கும். அதன் தண்டில் ஒரு பகுதி மையம் விலகி இருக்கும். திருப்பத் திருப்ப ஹப்பின் தலை உள்ளே வரும். டயரும் ஸ்ட்ரட்டை நெருங்கும், ஆகவே அகல டயர் போட்டிருந்தால் இடைவெளியைப் பாருங்கள். போலோவில் இந்த வித்தை நடக்காது. அங்கே ஸ்ட்ரட் ஒரு குழாய் போல ஹப்புக்குள் நுழைந்து, ஒற்றை போல்ட்டால் கவ்வப்பட்டிருக்கும். சப்ஃப்ரேமை (லோயர் ஆர்ம்கள் பொருத்தியிருக்கும் சட்டம்) சற்று நகர்த்தி இடது வலது இரண்டையும் சமமாக்கலாமே தவிர, இரண்டையும் கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமானால் மேலே கேம்பர் ப்ளேட் போட வேண்டும். அதில் ரப்பருக்குப் பதில் உலோக பேரிங் என்பதால் நகர ஓட்டத்தில் சத்தம் கேட்கும். என்னைக் கேட்டால், மாதம் ஒருமுறைகூட ட்ராக் போகாதவருக்கு அது வேண்டாம்.

டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. அதை முன் சக்கரங்களில் பூஜ்யத்தில் வையுங்கள். சக்கரங்களின் முன்முனை கொஞ்சம் வெளியே விரிந்திருந்தால் வண்டி சட்டென்று திரும்பும், உண்மைதான். ஆனால் மைனஸ் கேம்பரோடு அதுவும் சேர்ந்தால் தினசரி ஓட்டத்தில் டயரின் உள் ஓரம் கம்பி தெரியும்வரை தேய்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதாகவே இருக்கும். டயரைத் தேய்ப்பதில் கேம்பரைவிட டோதான் பெரிய எதிரி.

கடைக்குப் போகும்போது டாங்க் பாதி நிறைந்திருக்கட்டும், காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்குச் சமமாக அரிசி மூட்டையோ வேறெதுவோ வையுங்கள். முதலில் கேம்பர், கடைசியில் டோ. ஏனென்றால் கேம்பரை மாற்றினால் டோ தானாகவே மாறும். முன், பின் அளவுகள் அச்சிட்ட தாளை வாங்காமல் வராதீர்கள்.

படி 4: ஷாக்

காசு செலவழிப்பது என்று முடிவானால் ஸ்ப்ரிங்குக்கு முன் ஷாக்கில் போடுங்கள். கம்பெனி உயரத்திலேயே இருக்கும் ஸ்ப்ரிங்குக்கு பில்ஸ்டைன் பி6 வகை, தாழ்ந்த ஸ்ப்ரிங்குக்கு உடல் குட்டையான பி8 வகை என்று தயாரிப்பாளர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். தாழ்ந்த ஸ்ப்ரிங்கைக் கம்பெனி ஷாக்கோடு சேர்ப்பதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தப்பான ஜோடி.

அட்ஜஸ்ட் செய்யும் வகை என்றால் கணக்கை இப்படி வையுங்கள்: குமிழை வலமாக, பலம் கொடுக்காமல், முழுதாக மூடுங்கள். அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்தீர்கள் என்பதே உங்கள் எண். நடுவில் தொடங்கி, இரண்டிரண்டு கிளிக்காக மாற்றுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பக்கம், முன்னோ பின்னோ.

எது சரி என்று எப்படித் தெரியும்? வேகத்தடையில் ஏறி இறங்கியதும் வண்டி ஒரு முறை எழுந்து அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் இறுக்கம் போதவில்லை. தொடர்ச்சியான சின்னப் பள்ளங்களில் சக்கரம் துள்ளி, வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தரையோடு அமர்வது போலிருந்தால் ரீபவுண்ட் (ஷாக் திரும்ப நீளும்போது காட்டும் எதிர்ப்பு) அதிகம்: அழுந்திய ஸ்ப்ரிங் திரும்ப நீள்வதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடுகிறது. நகரத்துக்கு ஒரு எண், ட்ராக்குக்கு ஒரு எண் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பொது ரோட்டில் பார்க்க வேண்டியது சத்தமும் குலுக்கலும் மட்டும்தான். வளைவில் பிடியைச் சோதிப்பது ட்ராக்கில் மட்டும், ஈசிஆரில் அல்ல.

படி 5: உயரம், கடைசியாக

மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் தாழ்த்தத் தாழ்த்த நல்லது என்பது கிடையாது. லோயர் ஆர்ம் ஏறக்குறைய கிடைமட்டமாக இருக்கும்வரை கணக்கு சரியாக வரும். அதற்கு மேல் தாழ்த்தினால் சக்கர முனை மேலேயும் உடல் முனை கீழேயுமாக ஆர்ம் சாய்ந்துவிடும். அப்போது வண்டியின் எடை மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் (வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) வேகமாக இறங்கும். தாழ்ந்த வண்டி வளைவில் அதிகம் சாயப் பார்க்கும். அழுந்தும்போது கூட வேண்டிய மைனஸ் கேம்பரும் குறையும். 15 முதல் 25 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாழ்த்துவதற்கு முன் ஒரு சோதனை. பின் ஷாக்கின் பளபளக்கும் கம்பியில், தூசி உறையைத் தூக்கிவிட்டு, ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி ஷாக் உடலை ஒட்டித் தள்ளிவிடுங்கள். வழக்கம்போல் ஒரு வாரம், வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டும் ஒரு முறை, ஓட்டுங்கள். ஷாக் அழுந்தும்போதெல்லாம் டை மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். அது பம்ப் ஸ்டாப்பை (ஷாக் முழுதாக அழுந்தாமல் தடுக்கும் ரப்பர்) தொடும் தூரத்துக்குப் போயிருந்தால், இருக்கும் உயரமே உங்கள் தினசரிக்குப் போதாமல் இருக்கிறது. இனியும் குறைத்தால் வளைவின் நடுவில் வண்டி ரப்பரில் போய் இடித்து, பிடி சட்டென்று விடும்.

இத்தனைக்கும் பிறகு மூக்கு தள்ளினால் பின்னால் ஒரு தடித்த ஆன்டி ரோல் பார் (வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் கம்பி) போடலாம். நன்றாக வேலை செய்யும். ஆனால் மழையில் வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் சுற்றும். வீட்டில் வேறு யாராவது அந்த வண்டியை ஓட்டுவார்கள் என்றால் விட்டுவிடுங்கள்.

ட்ராக் நாளன்று

போவதற்கு முன் பாலிசியைப் படியுங்கள். நம் நாட்டுத் தனியார் கார் பாலிசிகளில் போட்டி ஓட்டம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்ற வரி வழக்கமாகவே இருக்கும். பிரேக் ஆயில் பழையதென்றால் புதிதாக டாட் 4 ஊற்றிக்கொண்டு போங்கள்; சஸ்பென்ஷன் சரியானதும் முதலில் கைவிடுவது பிரேக்தான்.

மாலையில் கிளம்பும் முன் ஷாக்கை நகர எண்ணுக்குத் திருப்புங்கள். ட்ராக்கில் காற்றை இறக்கியிருப்பீர்கள். டயர் ஆறியதும் அது கதவில் எழுதிய அளவுக்கும் கீழே போயிருக்கும். அப்படியே பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறிப் பள்ளத்தில் விட்டால் ரிம் வளையும், பக்கச்சுவர் வெட்டுப்படும். காரில் செருகும் ஏர் பம்ப் இருந்தால் அங்கேயே அடித்துக்கொள்ளலாம். வீல் போல்ட்டை டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பாருங்கள்; போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர், மற்ற வண்டிகளுக்கு மேனுவலில் இருக்கும். கேம்பர் போல்ட் போட்டிருந்தால் அடுத்த வாரமே அலைன்மென்ட் கடைக்கு மறுபடி போய், பழைய தாளோடு புதிய தாளை ஒப்பிடுங்கள். அரை டிகிரி நகர்ந்திருந்தால் போல்ட் நழுவியிருக்கிறது என்று அர்த்தம். இறுக்கி, திரும்ப அளந்துவிட்டு வாருங்கள்.