வீட்டில் அச்சிடுவதா, லேபில் கொடுப்பதா? முதன்முறையாகப் படம் அச்சிடுவோருக்கான செய்முறை

கைப்பேசியிலும் கேமராவிலும் சேர்ந்து கிடக்கும் படங்களில் சிலவற்றையாவது தாளில் பார்க்க வேண்டும் என்று விரும்புபவர் முதலில் கேட்கும் கேள்வி, பிரிண்டர் வாங்கலாமா அல்லது போட்டோ லேபில் கொடுக்கலாமா என்பதே. இதற்கான விடை, நீங்கள் எவ்வளவு அடிக்கடி அச்சிடப் போகிறீர்கள் என்பதையும், நிறத்தையும் வெளிச்சத்தையும் நீங்களே திருத்திப் பார்க்க விரும்புகிறீர்களா என்பதையும் பொறுத்தது. தரத்தைப் பற்றிய கவலை இதில் இரண்டாம் இடத்துக்கே உரியது. சரியாகத் தயாரித்த கோப்பைக் கொடுத்தால் நல்ல பிரிண்டரும் நல்ல லேபும் ஏறக்குறைய ஒரே தரத்தில் படம் தரும், தவறாகத் தயாரித்த கோப்பை இரண்டுமே காப்பாற்றாது. ஆகவே முதல் நான்கு படிகள் இரண்டு வழிக்கும் பொதுவானவை. அவற்றை முடித்த பிறகே எந்த வழி என்று தீர்மானிக்க வேண்டும்.

படி 1: மூலக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள்

வாட்ஸ்அப் போன்ற செயலிகள் படத்தை அனுப்பும்போது அதன் அளவைக் குறைத்து, அழுத்தி அனுப்புகின்றன. திரையில் அந்தக் குறை தெரியாது. தாளில் முடியும் புல்லும் துணியின் நெசவும் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று வந்து காட்டிக்கொடுத்துவிடும். எனவே படம் எடுத்த கருவியில் உள்ள மூலக் கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் எடுத்த படமாக இருந்தால், அதை 'டாக்குமெண்ட்' ஆகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ அனுப்பச் சொல்லுங்கள். சமூக ஊடகப் பக்கத்திலிருந்து திரைப்பிடிப்பாக எடுத்த படத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

படி 2: எவ்வளவு பெரிதாக அச்சிடலாம் என்று கணக்கிடுங்கள்

கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. இதன்படி 4×6 அங்குலப் படத்துக்கு 1200×1800 பிக்சலும், 8×12 அங்குலப் படத்துக்கு 2400×3600 பிக்சலும் தேவை. 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் பொதுவாக 4000×3000 பிக்சல் கொண்டது. அதை 300 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 13×10 அங்குலம் வரை தயக்கமின்றி அச்சிடலாம் என்று தெரிகிறது. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 200 பிக்சலே போதும், ஆகவே அதே கோப்பு 20×15 அங்குலத்துக்கும் தாங்கும். மாறாக, செயலி வழியாகச் சுருங்கி வந்த 1600×1200 பிக்சல் படம் ஆல்பத்தில் ஒட்டும் அளவுக்குச் சமாளிக்கும். 12 அங்குல அகலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 133 பிக்சலே மிஞ்சும், கையில் எடுத்ததும் மங்கல் தெரிந்துவிடும்.

படி 3: தாளின் விகிதத்துக்கு நீங்களே வெட்டுங்கள்

தொடக்கநிலையாளர்கள் மிகுதியாக ஏமாற்றம் அடையும் இடம் இதுதான். கைப்பேசிப் படங்கள் பெரும்பாலும் 4:3 விகிதத்திலும், பெரிய கேமராக்களின் படங்கள் 3:2 விகிதத்திலும் இருக்கின்றன. 4×6 அங்குலத் தாள் 3:2 விகிதம் கொண்டது. ஆகவே 4:3 படத்தை அந்தத் தாள் முழுவதும் நிரம்பும்படி அச்சிட்டால், மேலும் கீழுமாக ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்பட்டே தீரும். 3:2 படத்தை 8×10 அங்குலத்தில் அச்சிட்டால் நீளவாக்கில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். குடும்பமாக நின்று எடுத்த படத்தில் ஓரத்தில் நிற்பவரின் தோளும் பின்வரிசையில் நிற்பவரின் தலையும் காணாமற்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இயந்திரம் படத்தின் நடுவை வைத்துக்கொண்டு ஓரங்களை வெட்டுகிறது. யார் முக்கியம் என்பது அதற்குத் தெரியாது.

எனவே படத்திருத்தச் செயலியில் 'கிராப்' வசதியைத் திறந்து, வேண்டிய தாளின் விகிதத்தைத் தேர்ந்தெடுத்து, எது போகலாம் எது இருக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எதையும் இழக்க மனமில்லையென்றால் படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டு அச்சிடலாம். என் பார்வையில் அது குறையன்று, பல படங்களுக்கு அழகே கூட்டுகிறது. ஓரமில்லாமல் அச்சிடும்போது படம் தாளைவிடச் சற்றே பெரிதாக்கப்பட்டு விளிம்புகள் சிறிதளவு மறையும் என்பதால், முகமோ எழுத்தோ விளிம்பை ஒட்டி இல்லாதபடி இடம் விட்டு வெட்டுங்கள்.

படி 4: திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுத் திருத்துங்கள்

'லேபில் கொடுத்த படம் இருட்டாக வந்துவிட்டது' என்ற குறை எல்லோரும் சொல்வது. பெரும்பாலும் தவறு திரையிடம் இருக்கிறது. திரை தானே ஒளி வீசுகிறது. தாளோ தன்மீது விழும் ஒளியைத் திருப்பித் தருவதோடு சரி. முழு வெளிச்சத்தில் வைத்த திரையில் பார்த்துத் திருத்தினால், படம் போதிய வெளிச்சத்தோடு இருப்பதாக நம்பி இருட்டாகவே விட்டுவிடுகிறோம். ஆகவே திரைக்கு அருகில் ஒரு வெள்ளைத் தாளை அறையின் சாதாரண வெளிச்சத்தில் பிடித்து, திரையில் தெரியும் வெற்று வெள்ளைப் பக்கம் அந்தத் தாளின் வெண்மைக்கு நிகராகும் வரை திரையின் ஒளிர்வைக் குறையுங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அதன் பிறகு படத்தைப் பார்த்தால் நிழலான பகுதிகளைச் சற்று உயர்த்த வேண்டும் என்பது பல நேரங்களில் தானே தெரியும்.

திருத்தி முடித்ததும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (நிறங்களை எண்களாகக் குறிக்கும் ஒரு முறை), ஜேபெக் வடிவில், உயர்ந்த தரத்தில் சேமியுங்கள். 1996இல் எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த இந்த நிறவெளியையே பெரும்பாலான லேப்கள் எதிர்பார்க்கின்றன. அடோபி ஆர்ஜிபி என்ற மற்றொரு நிறவெளியில் நிறங்கள் விரிந்திருப்பது உண்மைதான். ஆனால் அதைப் புரிந்துகொள்ளாத இயந்திரத்தின் கைக்குப் போனால் படம் வெளிறிப்போய் உயிரில்லாமல் வரும். கோப்பின் பெயரிலேயே அளவையும் எழுதிவிட்டால் பின்னர்க் குழப்பம் இராது.

படி 5: எந்த வழி என்று தீர்மானியுங்கள்

இரண்டு இடங்களிலும் படம் உருவாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது. பல லேப்களில் வெள்ளி உப்புப் பூச்சுக் கொண்ட ஒளியுணர் தாளின்மீது சிவப்பு, பச்சை, நீல ஒளியை லேசராலோ எல்இடியாலோ பாய்ச்சி, பிறகு ஆர்ஏ-4 எனப்படும் வேதிமுறையில் தாளைக் கழுவி எடுக்கிறார்கள். அங்கே மைத்துளி என்பதே இல்லை, நிறங்கள் தாளின் பூச்சுக்குள்ளேயே உருவாகின்றன. இன்று மை பீய்ச்சும் இயந்திரங்களையே பயன்படுத்தும் லேப்களும் உள்ளன.

வீட்டுக்கு இரண்டு வகைப் பிரிண்டர்கள் பொருந்தும். ஒன்று இங்க்ஜெட், மிக நுண்ணிய மைத்துளிகளைத் தாளில் தெளிப்பது. மற்றொன்று டை-சப்ளிமேஷன், மஞ்சள், மெஜந்தா, சயான் சாயங்களை நாடாவிலிருந்து வெப்பத்தால் தாளுக்கு ஏற்றி, மேலே ஒரு காப்புப் படலமும் இடுவது. இரண்டாவது வகையில் நாடாவும் தாளும் எண்ணிக்கை பொருந்தச் சேர்த்தே விற்கப்படுவதால் ஒரு படத்துக்கு என்ன செலவு என்பது முன்கூட்டியே தெரியும், பல மாதம் சும்மா வைத்தாலும் மை காய்ந்து அடைக்காது. ஆனால் வீட்டுக்கான கருவிகளில் பெரும்பாலும் 4×6 அங்குலத்துக்கு மேல் அச்சிட முடியாது. அலுவலக லேசர் பிரிண்டரை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம். இங்க்ஜெட்டுக்கான பளபளப்புத் தாளை அதில் செலுத்தினால் உள்ளிருக்கும் வெப்ப உருளையில் தாளின் பூச்சு உருகி ஒட்டி, பிரிண்டரே கெட்டுப்போகலாம்.

இங்க்ஜெட்டின் சிக்கல் அதைப் பயன்படுத்தாமல் விடுவதில்தான் இருக்கிறது. மை பீய்ச்சும் நுண்துளைகள் முடியிழையைவிடச் சிறியவை. வாரக்கணக்கில் வேலையின்றி இருந்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும், அடைப்பை நீக்கும் ஒவ்வொரு சுத்திகரிப்பும் மையையே செலவழிக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை விழாப் படங்களை அச்சிடும் ஒருவர் இங்க்ஜெட் வாங்கினால், மையில் பெரும்பகுதி படமாகாமலேயே தீர்ந்துபோகும். ஆகவே என் பரிந்துரை இது: எப்போதாவது மொத்தமாக அச்சிடுபவர் லேபுக்குச் செல்லுங்கள், வாரந்தோறும் ஒரு படமாவது அச்சிடுபவரும், ஒரே படத்தைப் பலவிதமாகத் திருத்திப் பார்த்துக் கற்க விரும்புபவரும் இங்க்ஜெட் வாங்குங்கள், சிறிய படங்கள் மட்டும் உடனுக்குடன் வேண்டுமென்றால் டை-சப்ளிமேஷன் போதும். கறுப்பு வெள்ளைப் படங்களில் ஈடுபாடு உள்ளவருக்குக் கூடுதலாக ஒரு செய்தி உண்டு. வண்ணத்தாளில் கழுவிய கறுப்பு வெள்ளைப் படத்தில் மெல்லிய பச்சையோ செம்மையோ படிவது உண்டு. சாம்பல் நிற மைகளைத் தனியே கொண்ட போட்டோ பிரிண்டரில் அந்தச் சாயல் இல்லாத தூய சாம்பல் படிநிலைகள் கிடைக்கும்.

படி 6: லேபில் கொடுப்பதானால்

முதல் தடவையே பெரிய படத்துக்குச் சொல்லாதீர்கள். தோல்நிறம் தெரியும் முகம் ஒன்று, நிழல் மிகுந்த காட்சி ஒன்று, வெள்ளை ஆடை உள்ள படம் ஒன்று, கறுப்பு வெள்ளை ஒன்று என நான்கு கோப்புகளை 4×6 அங்குலத்தில் அச்சிடக் கொடுங்கள். பல லேப்கள் தாமாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்கின்றன. நீங்கள் எதையும் திருத்தாத அன்றாடப் படங்களுக்கு அது நன்மையே. கவனமாகத் திருத்திய மாலைநேரப் படத்தை அது பகலாக்கிவிடக் கூடும். ஆகவே திருத்தம் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், இணையத்தில் கொடுப்பதானால் அதற்கான தேர்வைப் பாருங்கள்.

வந்த படங்களைச் சன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் திரையோடு ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு இருட்டாக இருந்தால் உங்கள் திரை இன்னும் வெளிச்சமாக இருக்கிறது என்று பொருள்; அதைக் குறைத்துக்கொண்டு மீண்டும் திருத்துங்கள். நான்கிலும் ஒரே சாயல் படிந்திருந்தால், குறிப்பாகக் கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வெளிப்பட்டால், லேப்காரரிடம் காட்டிப் பேசுங்கள்; அக்கறையுள்ளவர் இயந்திரத்தைச் சரிபார்த்து மறுபடி எடுத்துத் தருவார். இந்த நான்கு சிறிய படங்களைப் பத்திரப்படுத்தி வைத்தால், அடுத்த முறை அதே லேபின் இயல்பைக் கணிக்க உதவும்.

தாளின் மேற்பரப்பையும் நீங்களே கேட்டு வாங்க வேண்டும். பளபளப்பான கிளாசி தாளில் நிறம் ஆழமாகத் தெரியும், விரல்ரேகையும் விளக்கொளியும் சேர்ந்தே தெரியும். பளபளப்பற்ற மேட் தாளில் பிரதிபலிப்பு இல்லை, கறுப்பின் ஆழம் குறையும். கைமாறிக்கொண்டே இருக்கும் படங்களுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட லஸ்டர் தாளே ஏற்றது.

படி 7: வீட்டில் அச்சிடுவதானால்

முதலில் நாசில் (மை பீய்ச்சும் நுண்துளை) சோதனைப் பக்கத்தைச் சாதாரணத் தாளில் எடுத்துப் பாருங்கள். கோடுகள் விட்டுவிட்டு வந்தால் ஒருமுறை சுத்திகரித்து மீண்டும் பாருங்கள். கோடுகள் முழுமையாக வந்த பிறகே போட்டோ தாளைத் தொடுங்கள். தாளின் பூச்சுள்ள முகம் சற்று வெண்மையாகவும் வழவழப்பாகவும் இருக்கும், அதில்தான் மை விழ வேண்டும்; ஓரங்களை மட்டும் பிடித்து, உங்கள் பிரிண்டர் மேலிருந்து எடுப்பதா கீழிருந்து எடுப்பதா என்று பார்த்து வையுங்கள்.

அடுத்து, அச்சிடும் பலகத்தில் தாள்வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். இதைச் சிறிய விஷயமாக எண்ணிப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் எவ்வளவு மை விட வேண்டும், எந்தக் கறுப்பு மையைப் பயன்படுத்த வேண்டும் என்பதைப் பிரிண்டர் அந்த ஒரு தேர்விலிருந்தே தெரிந்துகொள்கிறது. 'சாதாரணத் தாள்' என்று விட்டுவிட்டுப் பளபளப்புத் தாளைச் செலுத்தினால் மை உறையாமல் தேங்கிக் கையோடு வரும். தரத்தை உயர்ந்த நிலையில் வையுங்கள்.

நிறத்தை யார் கையாள்வது என்பதையும் ஓரிடத்தில் மட்டும் முடிவு செய்யுங்கள். தொடக்கத்தில் பிரிண்டரிடமே விட்டுவிடுவது எளிது. பின்னர், தாள் தயாரிப்பாளர் உங்கள் பிரிண்டருக்கெனத் தரும் ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் அந்தப் பிரிண்டர் நிறங்களை எப்படித் தருகிறது என்று விவரிக்கும் கோப்பு) செயலியில் தேர்ந்தெடுத்து, பிரிண்டரின் நிறத்திருத்தத்தை முழுவதும் அணைத்து அச்சிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் திருத்தம் இருமுறை நடந்து, முகங்களில் பெரும்பாலும் செம்மை ஏறிவிடும். முழுத்தாளில் இறங்கும் முன் படத்தின் முக்கியமான பகுதியை மட்டும் சிறு துண்டில் அச்சிட்டுச் சரிபார்ப்பது தாளையும் மையையும் மிச்சப்படுத்தும்.

படி 8: உலர விடுங்கள், பிறகு சட்டமிடுங்கள்

இங்க்ஜெட் படம் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நிமிடங்களில் வந்துவிடும். ஆனாலும் மையிலுள்ள கரைப்பான்கள் தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருக்கும். உடனே கண்ணாடிக்குள் அடைத்தால் உட்புறத்தில் மூடுபனிபோல் படலம் படியும், ஆகவே ஒரு நாள் முழுவதும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வையுங்கள். நிறம் கரைந்திருக்கும் சாய மையில் அச்சிட்ட படங்கள் வெயிலாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் விரைவில் வெளிறும். நுண்ணிய நிறத்துகள்கள் கொண்ட நிறமி மை கூடுதல் காலம் தாங்கும். எந்த வழியில் அச்சிட்டாலும், சுவரில் மாட்டும் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் ஈரப்பதத்தில் பளபளப்புப் பரப்பு கண்ணாடியோடு ஒட்டி, பிரிக்கும்போது கிழியும். பின்புறத்தில் பெயரும் தேதியும் எழுத விரும்பினால் அழுத்தி எழுதும் பால்பாயிண்ட் பேனாவைத் தவிர்த்து, போட்டோவுக்கென விற்கப்படும் பேனாவால் ஓரத்தில் எழுதி, மை காய்ந்த பிறகே ஆல்பத்தில் செருகுங்கள்.