'மைசெல்ஃப் குமார்' என்று ஆரம்பிக்காதீர்கள்

சென்னையில் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் வாக்-இன் இன்டர்வியூ நடக்கும் நாளில், வரிசையில் நிற்கிற பிள்ளைகள் வாய்க்குள்ளேயே ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள்: "மைசெல்ஃப் குமார், ஃப்ரம் வியாசர்பாடி." என் முதல் இன்டர்வியூவில் நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். எதிரே இருந்தவர் 'ஐ ஆம்' என்று மெதுவாகத் திருத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் கேட்டது எதுவும் என் காதில் ஏறவில்லை.

"நான் குமார்" என்று தமிழில் வினைச்சொல் இல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். ஆங்கிலத்துக்கு 'ஆம்' (am) என்ற வினைச்சொல் வேண்டும். 'ஐ' என்று மொட்டையாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, 'மைசெல்ஃப்' கொஞ்சம் கனமாகத் தெரிகிறது. அதனால் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் எழுவாய் நாற்காலி அதற்கு உரியதல்ல. செய்கிறவரும் அந்தச் செயலுக்கு ஆளாகிறவரும் ஒரே ஆள் என்று காட்டுவதுதான் அதன் முதல் வேலை. "ஐ கட் மைசெல்ஃப்": வெட்டியதும் நான், வெட்டுப்பட்டதும் நான்.

இதை வைத்தே ஆபீஸ் மெயிலில் வரும் "ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்" ஏன் தவறு என்று புரியும். கூப்பிடப் போவது நீங்கள், போனை எடுக்கப் போவது நான். ஆள் வேறு, எனவே 'மீ'. "மை ஃப்ரெண்ட் அண்ட் மைசெல்ஃப் வென்ட் டு மெரினா" என்பதில் நண்பரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். "மைசெல்ஃப் வென்ட்" என்று மிஞ்சுவது காதையே உறுத்தும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் மரியாதை என்று நினைத்து இப்படி எழுதுவதுண்டு, நம்மை மட்டும் நொந்துகொள்ள வேண்டாம்.

நமக்கே உரிய தவறு வேறு. "டுடே இட்செல்ஃப் ஐ வில் சென்ட்." சென்னையில் இதைச் சொல்லாத ஆபீஸ் உண்டா? 'இன்னைக்கே' என்பதன் அச்சு அசல் அது. தமிழ் ஏகாரம் எதன் வாலிலும் ஒட்டிக்கொள்ளும்: இங்கேயே, இப்பவே, காலையிலேயே. 'இட்செல்ஃப்' அப்படிக் கண்ட இடத்தில் ஒட்டாது. 'டுடே' என்று அழுத்திச் சொன்னாலே போதும். 'இப்பவே' என்றால் 'ரைட் நவ்'. "மார்னிங் இட்செல்ஃப் ஐ டோல்ட்" என்பதை "ஐ டோல்ட் யூ திஸ் மார்னிங்" என்று மாற்றிவிடலாம்.

ஆளையோ பொருளையோ அழுத்திச் சொல்லும்போது மட்டும் ஏகாரமும் இந்தச் சொற்களும் நன்றாகப் பொருந்தும். 'மேனேஜரே வந்தார்' என்றால் "தி மேனேஜர் ஹிம்செல்ஃப் கேம்." 'நானே செஞ்சேன்' என்றால் "ஐ டிட் இட் மைசெல்ஃப்." ஆனால் 'நான்தான் செஞ்சேன்' வேறு சங்கதி. அதை "ஐ ஒன்லி டிட் இட்" என்கிறோம், வெளியூர்க்காரர் குழம்புவார். "ஐ ஆம் தி ஒன் ஹூ டிட் இட்" என்றால் சந்தேகமில்லை.

அப்புறம், நம் 'கொள்' என்ற துணைவினை. 'ஷேவ் பண்ணிக்கிட்டேன், டிரெஸ் பண்ணிக்கிட்டேன்' என்று பழகிய நாக்கு "ஐ ஷேவ்ட் மைசெல்ஃப்" என்று இழுக்கும். வெறும் 'ஐ ஷேவ்ட்' போதும். சலூனில் இல்லை, நானேதான் என்று வலியுறுத்த வேண்டுமானால் சேர்க்கலாம். 'என்ஜாய்' இதற்கு நேர் எதிர். 'கல்யாணத்துல நல்லா என்ஜாய் பண்ணேன்' என்பதை "ஐ என்ஜாய்ட் வெல்" என்கிறோம். எதை ரசித்தோம் என்று சொல்லாவிட்டால் "ஐ என்ஜாய்ட் மைசெல்ஃப்" என்றுதான் வர வேண்டும்.

சொல் வடிவத்தில் வரும் பிழைகள் சில்லறைதான். 'ஹிஸ்செல்ஃப்', 'தெயர்செல்வ்ஸ்' என்று பொது ஆங்கிலத்தில் கிடையாது, 'ஹிம்செல்ஃப்', 'தெம்செல்வ்ஸ்' மட்டுமே.

இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தால் "தே லுக்ட் அட் ஈச் அதர்." அங்கே 'தெம்செல்வ்ஸ்' போட்டால் ஆளுக்கொரு கண்ணாடி முன்னால் நிற்கிறார்கள் என்று அர்த்தமாகிவிடும்.

கடைசியாக மரியாதை. தமிழில் 'நீங்கள்' ஒருவருக்கும் வரும், பலருக்கும் வரும். அதனால் பெரியவர் ஒருவரிடம் 'யுவர்செல்வ்ஸ்' என்றால்தான் பணிவு என்று தோன்றும். கல்யாண பஃபேயில் தட்டோடு நிற்பது கம்பெனியின் எம்டியே ஆனாலும், தனியாக நின்றால் "ப்ளீஸ் ஹெல்ப் யுவர்செல்ஃப், சார்" தான். வீட்டம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து வந்துவிட்டால், அப்போது 'யுவர்செல்வ்ஸ்'.