கேம் ஆற்றில் கழி ஊன்றிப் படகு விடுவது எப்படி

கேம்பிரிட்ஜில் வெயில் காலம் வந்துவிட்டால் ஆறு முழுக்க பண்ட் படகுகள்தான். சுமார் 24 அடி நீளம், 3 அடி அகலம், தட்டையான அடிப்பாகம். துடுப்பு வலிப்பதில்லை, ஏறத்தாழ 16 அடிக் கழியை ஆற்றடியில் ஊன்றித் தள்ள வேண்டும். சில்வர் ஸ்ட்ரீட் பாலத்தருகே மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். கழியோடு ஒரு சிறு துடுப்பும் படகில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

பின்முனையில் பலகை மூடிய மேடையில் நிற்பது இவ்வூர் வழக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் மறுமுனையில், படகுக்குள்ளேயே நிற்பார்கள். மேடை எப்போதும் ஈரமாக இருக்கும், ரப்பர் அடி வைத்த தட்டைச் செருப்பு அவசியம். ஒரு பக்க ஓரத்தை ஒட்டி, முன்னே பார்த்து, கால்களைச் சற்று அகட்டி நின்றுகொள்ளுங்கள். அதன்பின் காலை நகர்த்தவே கூடாது.

கழியைப் படகின் விளிம்பை ஒட்டிச் செங்குத்தாகப் பிடித்து, பிடியைத் தளர்த்துங்கள். அது தன் எடையிலேயே இறங்கி அடியைத் தொடட்டும். புதியவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். முன்னால் சாய்த்துக் குத்தினால் படகு தடைபட்டு நிற்கும். விளிம்பைவிட்டுத் தள்ளி ஊன்றினால் பக்கவாட்டில் திரும்பும். அடி தட்டியதும், கையை மாற்றி மாற்றி மேலே ஏற்றிப் பிடித்து நிதானமாகத் தள்ளுங்கள். கழியின் நுனி கைக்கு வந்ததும் தள்ளுவதை நிறுத்தி, லேசாகத் திருகி விடுவித்து, பின்னால் மிதக்க விடுங்கள்.

அப்படி மிதக்கும் கழிதான் சுக்கான். தண்ணீருக்குள் இருக்கும் முனையை வலப்பக்கம் வீசினால் படகின் மூக்கு வலப்பக்கம் போகும், இடப்பக்கம் வீசினால் இடப்பக்கம். ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் திசையைச் சரிசெய்துவிட்டே அடுத்த ஊன்றலுக்குப் போங்கள். பலம் இருப்பவரைவிட இதைப் பொறுமையாகச் செய்பவரே நேராகப் போகிறார்.

கழி சேற்றில் சிக்கிக்கொண்டால் ஒருமுறை திருகிப் பாருங்கள். வரவில்லையா, உடனே விட்டுவிடுங்கள். பிடித்துத் தொங்கினால் படகு முன்னே போய்விடும், நீங்கள் ஆற்றில். துடுப்பால் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம். பாலத்தடியில் கழியை நிமிர்த்தாதீர்கள். வரும் வேகத்திலேயே கடந்துவிடுங்கள்.

முதல் முறை, ஆறு கல்லூரிகளின் பின்புறமாக ஓடும் பேக்ஸ் பகுதியே நல்லது. கரையோரம் இழுவைப் பாதை இல்லாததால், அந்நாளில் சரக்குப் படகை இழுத்த குதிரைகள் ஆற்றுக்குள்ளேயே நடக்கும்படி சரளைப் பாதை போட்டிருந்தார்கள். அதனால் ஆற்றடி கெட்டியாக இருக்கும். 1749-இல் எழுந்த கணிதப் பாலம், 1640-இன் கிளேர் பாலம் என்று வரிசையாக வரும். வலக்கரையில் டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகம்: ராமானுஜனின் தொலைந்துபோன நோட்டு 1976-இல் கிடைத்தது இங்கேதான். கொஞ்சம் நிதானித்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். கோடையில் நண்பகலுக்குப் பின் நெரிசலில் மோதாமல் போவது கடினம், காலையிலேயே போய்விடுங்கள். மே, ஜூன் தேர்வுக் காலத்தில் கல்லூரிச் சுவர்களை ஒட்டிச் சத்தம் போடாதீர்கள், உள்ளே படித்துக்கொண்டிருப்பார்கள். தேர்வு முடிந்ததும் கல்லூரிகள் கொண்டாடும் 'மே வாரம்' பெயருக்கு மாறாக ஜூனில் வரும். வாணவேடிக்கை இரவுகளில் ஆறே படகுகளால் அடைபட்டிருக்கும், பழகாதவர் கழி பிடிக்க வேண்டாம். பெருமழைக்கு மறுநாளும் அப்படியே: இழுப்பு பலமாக இருக்கும்.

கை பழகியபின் ஆற்றின் மேல்பக்கம் உள்ள கிரான்செஸ்டர் கிராமத்துப் பக்கம் போகலாம். அங்கே சேறும் ஆழமும் அதிகம். ஒவ்வொரு முறையும் கழியைத் திருகியே எடுங்கள்.